பாட்டுக் கேட்கத் தனிக் கருவி: மலையகத்தில் யாருக்கு எது பொருந்தும்?

போனிலேயே எல்லாம் இருக்கும்போது பாட்டுக் கேட்கத் தனியாக ஒரு கருவி எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். நுவரெலியா டவுனில் வீடு, வீட்டில் வைஃபை, வேலையும் மேசைக்கு முன்னால் என்றால் உங்களுக்கு அது தேவைப்படாது. ஆனால் மலையகத்தில் பலருடைய நாள் அப்படிப் போவதில்லை. மேட்டு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) முழுதாகக் காட்டும் சிக்னல், பள்ளத்து லயத்தில் பாதிகூட இருக்காது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தால் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நிற்கும். டேட்டா முடிந்தால் ரீலோட் போடக் கடை வரை இறங்க வேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன நாட்களில், போனில் மிஞ்சியிருந்த சார்ஜைப் பாட்டுக்குச் செலவழிக்க யாருக்குத்தான் மனம் வந்தது?

ஸ்ட்ரீமிங் ஆப்பில் நொடிக்கு 160 கிலோபிட் என்ற சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறக்குறைய 72 எம்பி டேட்டா போகும். யூடியூபில் படத்தோடு ஓடவிட்டால் அதைவிடப் பல மடங்கு. ஸ்பாட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது. சந்தா கட்டினால் பாட்டை இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமலும் கேட்கலாம். ஆனால் 30 நாளைக்கு ஒரு தடவையாவது அந்த போன் நெட்டில் சேர வேண்டும். சந்தா நின்றால் இறக்கி வைத்ததும் ஓடாது. இதைவிட முக்கியம், அப்படி இறக்கிய பாட்டை எடுத்து எம்பி3 பிளேயருக்குள் போட முடியாது. அது ஆப்புக்குள்ளேயே பூட்டியிருக்கும். சந்தாதான் இருக்கிறதே, பிளேயரை மட்டும் வாங்கினால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், உங்களுடைய பாட்டு எங்கே இருக்கிறது, அதை யார் ஏற்றித் தரப்போகிறார்கள் என்று பாருங்கள். மலையகத்தில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஒலித்தரம் அதற்கு அப்புறம்தான். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்குச் சரியாக வரும் கருவி, ஒரு போனையும் காசுக்குப் பாட்டு ஏற்றித் தரும் டவுன் கொமினிகேஷன் கடையையும் மட்டுமே நம்பியிருப்பவருக்குச் சரிவராது. இந்தக் காரணத்துக்காகவே மெமரி கார்ட் போட இடமில்லாத பிளேயர்களை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். உள்ளேயே 8 ஜிபி, 16 ஜிபி இருக்கிறது என்று மலிவாகத் தருவார்கள். கம்ப்யூட்டரில் கேபிள் போட்டுப் பொருத்தினால்தான் அதில் பாட்டு ஏறும். கார்ட் என்றால் கழற்றி எந்தப் போனிலும் போட்டு ஏற்றலாம். கொழும்பில் வேலை செய்யும் மகனோ மகளோ தீபாவளிக்கு வரும்போது நிரப்பிய கார்ட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால் அடுத்த பொங்கல் வரைக்கும் ஓடும்.

அலுமாரியில் கிடக்கும் பழைய போன்

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். திரையில் கீறல் விழுந்து, புதிய ஆப்கள் ஓடாமல் ஒதுக்கி வைத்த ஆண்ட்ராய்ட் போன் பல வீடுகளில் இருக்கிறது. இயர்போன் குத்தும் துளை, கார்ட் போடும் இடம், உப்பாத பேட்டரி, இந்த மூன்றும் இருந்தால் அது நல்ல பிளேயர். பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றால் ஆசைப்படாதீர்கள், அதைச் சார்ஜில் போடுவதே ஆபத்து.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உள்ளே இருக்கும் படங்களை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு போனை முழுதாக அழித்துப் புதிதாக்குங்கள். சிம் போட வேண்டாம். வைஃபை கிடைக்கும் இடத்தில் மியூசிக்கோலெட் அல்லது விஎல்சி ஆப்பை மட்டும் இறக்கிக்கொண்டு, ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். மியூசிக்கோலெட் நெட் அனுமதியே கேட்காத ஆப். விளம்பரம் வராது, பாட்டின் பெயர் விவரங்களையும் அதிலேயே திருத்தலாம். சிக்னல் தேடும் வேலையும் திரை வெளிச்சமும் இல்லாதபோது பழைய பேட்டரிகூட எதிர்பார்த்ததைவிட நிறைய நேரம் நிற்கும். மைக் உள்ள இயர்போனில் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் பாட்டு நிற்கும், இரண்டுமுறை அமுக்கினால் அடுத்த பாட்டு வரும். ஒவ்வொரு தடவையும் போனை வெளியே எடுக்கத் தேவையில்லை.

இதில் எனக்குப் பெரிதாகப் படும் நன்மை இரண்டு. ஒன்று, தமிழ் ஒழுங்காகத் தெரியும். இன்னொன்று, இது பாட்டைப் பதிவும் செய்யும். தோட்டத்தில் இன்னும் தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் தெரிந்த அம்மாயிகள் இருக்கிறார்கள். அந்தப் பாட்டெல்லாம் எந்த ஆப்பிலும் கிடைக்காது. பழைய போனின் ரெக்கார்டரை ஓடவிட்டு, அடுப்படியில் ஆறுதலாக உட்கார்ந்து பாடச் சொல்லி எடுத்து வைத்துக்கொண்டால், சினிமாப் பாட்டோடு சேர்த்து அதையும் கேட்கலாம். இந்த ஒரு வேலைக்காகவே அந்தப் போனை வீசாமல் வைத்திருக்கலாம்.

குறை என்று பார்த்தால், ஈரக் கைக்குத் தொடுதிரை சரியாக வேலை செய்யாது. மழையில் நிற்கும் வேலைக்கு இது பொருந்தாது.

பட்டன் போனும் பட்டன் பிளேயரும்

கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பொத்தான் உள்ள கருவிதான் சரி. உடுப்புக்கு மேல் கட்டும் படங்குக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தே பாட்டை மாற்றலாம்.

பட்டன் போனை யாரும் இசைக் கருவியாக எண்ணுவதில்லை. ஆனால் 2020இல் நோக்கியா மறுபடியும் வெளியிட்ட 5310 போன்ற போனில் 32 ஜிபி வரை கார்ட் போடலாம், ஓரத்திலேயே பாட்டுக்கான பொத்தான்கள் உண்டு, ஸ்பீக்கர் முன்பக்கம் இருக்கிறது, எஃப்எம் இருக்கிறது, அதற்கு மேல் கோலும் எடுக்கலாம். அப்பா அம்மாவுக்கு ஏதாவது வாங்கித் தர நினைத்தால் தனிப் பிளேயரைவிட இதையே சொல்வேன். இரண்டு கருவியைச் சார்ஜில் போடும் தொல்லை அவர்களுக்கு வேண்டாம். ஆயிரம் பாட்டு ஏற்றிக் கொடுக்காதீர்கள், அந்தச் சின்னத் திரையில் தேடிக் களைத்துப் போவார்கள். பிடித்த நூறு பாட்டு போதும்.

தனிப் பிளேயர் என்றால் சான்டிஸ்க் கிளிப் ஸ்போர்ட் போல உடுப்பில் கவ்வி நிற்கும் சின்னக் கருவிகள், பெயர் தெரியாத சீனத் தயாரிப்புகள் என்று பல வகை. பாரம் தெரியாது, விழுந்தாலும் பெரிய நட்டமில்லை. படிக்கிற பிள்ளைக்கு ஃபேஸ்புக் தொல்லை இல்லாமல் பாட்டு மட்டும் வேண்டும் என்றாலும் இதுதான். ஆனால் வாங்கிய முதல் நாளே மூன்று சிக்கல்கள் வரும். தெரிந்திருந்தால் சமாளிக்கலாம்.

முதலாவது தமிழ் எழுத்து. மலிவான பிளேயர்களில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக வரும், இல்லாவிட்டால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பெயர்கள் எந்தக் கருவியிலும் விளங்காது. கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றிவிடுவதே வழி. கம்ப்யூட்டர் இருந்தால் எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் ஒரே நேரத்தில் நிறையப் பாட்டுக்கு மாற்றலாம்.

இரண்டாவது வரிசை. இந்தக் கருவிகள் பலவற்றில் பாட்டு அகர வரிசையில் ஓடாது. கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதுவே முதலில் ஓடும். அதனால்தான் பக்திப் பாட்டுக்கு நடுவே திடீரென்று குத்துப்பாட்டு வருகிறது. பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போட்டு, கார்டை அழித்துவிட்டு, எண் வரிசைப்படியே ஏற்றுங்கள்.

மூன்றாவது கார்டின் அளவு. 32 ஜிபி வரையான கார்டுகள், கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபேட்32 என்ற முறையில் வரும். 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட் முறையில் வரும். பழைய, மலிவான பிளேயர்கள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. பெரிய கார்டைப் போட்டதும் கார்ட் இல்லை என்று காட்டினால் பிளேயர் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். தொடங்குபவருக்கு 32 ஜிபியே தாராளம். 5 நிமிடப் பாட்டு 128 கிலோபிட் எம்பி3 ஆக இருந்தால் ஏறக்குறைய 5 எம்பி, 320 கிலோபிட் என்றால் 12 எம்பி. அதாவது 32 ஜிபி கார்டில் முதலாவது வகையில் 6,000 பாட்டு வரை, இரண்டாவதில் 2,400 வரை போகும்.

எஃப்எம் பற்றியும் ஒரு வார்த்தை. சூரியனும் சக்தியும் தென்றலும் கேட்கத்தான் பிளேயர் வேண்டும் என்பவர்கள் நிறையப் பேர். எஃப்எம் அலை நேர்கோட்டில் போவது. பிதுருதலாகலை 2,524 மீட்டர் உயரம். அந்த உயரத்திலிருந்து அனுப்பினாலும் இடையில் ஒரு மலைமுகடு குறுக்கே நின்றால் மறுபக்கத்துப் பள்ளத்தில் இரைச்சல்தான் கேட்கும். இது கருவியின் குற்றமில்லை. பெரும்பாலான பிளேயர்களில் இயர்போன் வயர்தான் ஏரியல், வயர் குத்தாமல் எஃப்எம் பிடிக்காது. உங்கள் லயத்தில் ஏற்கனவே ஒரு ரேடியோவில் எந்த நிலையம் தெளிவாகக் கேட்கிறதோ அதைவிட அதிகமாக இந்தச் சின்னக் கருவியில் எதிர்பார்க்க வேண்டாம்.

கார்ட் போடும் ஸ்பீக்கர்

ஒருவர் மட்டும் கேட்பதற்கா, வீடே கேட்பதற்கா என்பதையும் யோசியுங்கள். சமையல் நேரத்தில் எல்லோருக்கும் பாட்டு வேண்டும் என்றால் இயர்போன் கருவி வாங்கிப் பயனில்லை. கார்ட், பென் டிரைவ், எஃப்எம், ப்ளூடூத் எல்லாம் உள்ள சின்ன ஸ்பீக்கர் டவுன்களில் தாராளமாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் அதில் திரை இருக்காது. முன்னால், பின்னால் என்ற இரண்டு பொத்தான்தான். அதனால் ஒரே கார்டில் எல்லாவற்றையும் திணிக்காமல், சின்னச் சின்னக் கார்டாகப் பிரியுங்கள்: விடியற்காலைப் பக்திப் பாட்டுக்கு ஒன்று, பழைய பாட்டுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. அங்கே படிக்கிற பிள்ளையோ இரவு வேலை முடித்துத் தூங்குகிறவரோ இருப்பார். சத்தத்தைப் பார்த்து வையுங்கள்.

விலை கூடிய இசைக் கருவிகள்

உயர்தர ஒலிக்கென்றே செய்த பிளேயர்கள் தனி வகை. 2023இல் வந்த சோனி வாக்மேன் என்டபிள்யூ-ஏ306 ஆண்ட்ராய்டில் ஓடுகிறது. ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை) பாட்டை 36 மணி நேரம் வரை ஓட்டும் என்கிறது சோனி. அமெரிக்காவில் அதன் விலை 350 டொலர் அளவில் இருந்தது. சிம் இல்லாததால் ஸ்ட்ரீமிங் ஆப்புக்கு வைஃபை வேண்டும். ஃபியோவின் ஸ்னோஸ்கை எக்கோ மினி போன்றவை 60 டொலர் அளவில் வந்த சின்னக் கருவிகள். கார்டில் உள்ளதை ஓட்டுவது மட்டும்தான் அவற்றின் வேலை, அதை நன்றாகச் செய்கின்றன. இலங்கைக்கு வரும்போது வரி, டொலர் மாற்று, கடைக்காரரின் இலாபம் எல்லாம் சேர்ந்து விலை ஏறும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இதை வாங்க வேண்டுமா என்பதற்கு என் பதில், பெரும்பாலும் இப்போது வேண்டாம் என்பதுதான். உள்ளே போகும் கோப்பில் இருப்பதை மட்டுமே எந்தக் கருவியும் தர முடியும். கொமினிகேஷனில் ஏற்றித் தரும் பாட்டு பல தடவை சுருக்கி மாற்றியதாக இருக்கலாம். அப்படி இழந்த ஒலியை எத்தனை டொலர் கொடுத்தாலும் திரும்பப் பெற முடியாது. இன்னொன்று, ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ் சின்ன கியரில் முனகி ஏறும்போது 320 கிலோபிட் எம்பி3க்கும் ஃப்ளாக்குக்கும் வித்தியாசம் கேட்காது. இரவில், அமைதியான அறையில், நல்ல ஹெட்போன் போட்டுக் கேட்கிறவர், வீட்டில் சிடிகளைச் சேர்த்து வைத்திருப்பவர், அவருக்கு இது தகும். சிடியை ஃப்ளாக்காக எடுத்தால் 5 நிமிடப் பாட்டுக்கு 25 முதல் 30 எம்பி வரை ஆகும். 32 ஜிபியில் 1,000 பாட்டுதான் கொள்ளும். பழுதானால் மலையக டவுன்களில் திருத்துவது கஷ்டம், கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டிவரும்.

பழைய ஐபொட் ஆசை உள்ளவர்களும் இருக்கிறார்கள். 2001இல் தொடங்கிய அந்த வரிசையை ஆப்பிள் 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. கையில் கிடைப்பவற்றின் பேட்டரி வயதாகியிருக்கும், பாட்டு ஏற்றக் கம்ப்யூட்டரும் ஐடியூன்ஸும் வேண்டும், கார்ட் போட முடியாது. முதல் கருவியாக வேண்டாம்.

பாட்டு எங்கிருந்து வரும்?

கொமினிகேஷனில் காசு கொடுத்து ஏற்றும் பாட்டால் பாடியவருக்கு ஒரு சதமும் போகாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது சரியும் இல்லை. மலையகத்திலேயே சொந்தமாகப் பாட்டு எழுதி இசையமைத்து வெளியிடும் இளைஞர்கள் இருக்கும்போது இது நமக்குக் கூடுதலாக உறைக்க வேண்டும். அவர்களிடம் நேரடியாகக் கேட்டால் பென் டிரைவில் நல்ல தரத்தில் பிரதி தருவார்கள், அதற்குக் காசைக் கொடுத்து வாங்குங்கள்.

வீட்டில் பழைய கசட்டுகள் இருந்தால் அவற்றையும் மறந்துவிடாதீர்கள். கசட் பிளேயரின் இயர்போன் துளையிலிருந்து லாப்டொப்பின் மைக் துளைக்கு ஒரு வயர் போட்டு, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். 60 நிமிடக் கசட்டுக்கு முழுதாக 60 நிமிடம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. நமது ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கிறது. நாடாவில் வெள்ளைப் படலம் தெரிந்தால் ஓட்டாதீர்கள், பிளேயரின் தலையும் கெடும். திருவிழாவில் பதிந்தது, வீட்டுக் கல்யாணத்தில் பதிந்தது, இறந்துபோன ஒருவரின் குரல், இப்படிப்பட்டவைதான் முதலில் மாற்ற வேண்டியவை. சினிமாப் பாட்டை எப்போதும் வேறு இடத்தில் தேடி எடுக்கலாம்.

காதில் மாட்டுவது

கருவியை மலிவாக வாங்கி மிச்சம் பிடித்த காசை ஹேண்ட்ஸ்ஃப்ரீக்குப் போடுங்கள். காதில் கேட்கும் வித்தியாசத்தில் பெரும் பங்கு அதில்தான் இருக்கிறது. வயர் உள்ளதே முதலில் போதும். சார்ஜ் தேவையில்லை, எஃப்எம்முக்கு ஏரியலாகவும் உதவும்.

ஆனால் மலையில் வேலை செய்யும்போது இரண்டு காதையும் அடைக்கவே கூடாது. குளவிக்கூடு கலைந்து பக்கத்து நிரையில் நிற்பவர் கத்துவது உங்கள் காதில் விழ வேண்டும். குளவி கொட்டி உயிர் போன சம்பவங்கள் நம் தோட்டங்களில் நடந்திருக்கின்றன. ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், அதையும் சின்னச் சத்தத்தில். இருட்டிய பிறகு தோட்டத்து ரோட்டில் தனியாக நடக்கும்போது அதையும் கழற்றிவிடுங்கள். வளைவில் வரும் வண்டி, புதருக்குள் சிறுத்தை என்று காதால் கேட்க வேண்டியவை இருக்கின்றன.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை சொல்கிறது. டெசிபல் அளக்க வீட்டில் கருவி இருக்காது. பக்கத்தில் இருப்பவர் சாதாரணக் குரலில் கூப்பிடுவது கேட்காவிட்டால் சத்தம் கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில்

வாங்கப் போகும்போது உங்கள் சொந்த 32 ஜிபி கார்டைக் கொண்டுபோங்கள். அதில் தமிழ்ப் பெயரோடு ஒரு பாட்டு, ஆங்கில எழுத்துப் பெயரோடு ஒன்று, ஃபோல்டருக்குள் வைத்த ஒன்று, 001 முதல் 005 வரை எண் போட்ட ஐந்து பாட்டு, இருந்தால் ஒரு ஃப்ளாக். கடைக்காரர் முன்னாலேயே போட்டு ஓட்டிப் பாருங்கள். பாட்டை நடுவில் நிறுத்தி, கருவியை அணைத்து மறுபடி போடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். நீண்ட பேச்சு, கதை, தேவாரம் கேட்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். சார்ஜ் துளை டைப்-சி ஆ என்றும் பாருங்கள், வீட்டிலுள்ள போன் கேபிளே போதும் என்றால் ஒரு தலைவலி குறையும்.

புதுக் கார்ட் வாங்கினால் அளவைச் சோதிக்காமல் நம்பாதீர்கள். 8 ஜிபியை 64 ஜிபி என்று காட்டும் போலிக் கார்டுகள் உண்டு. முதலில் ஏற்றிய பாட்டு ஓடும், அளவு தாண்டியதும் மற்றவை கெட்டுப்போகும். கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டை முழுதாக நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையான அளவைச் சொல்லும். அதை முடித்த பிறகே பாட்டை ஏற்றுங்கள். பில்லில் கருவியின் மாடலோடு கார்டின் அளவையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போலிக் கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனால் கடையில் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.